திரையில் நரைக்கும் தலைகள்

அரபு மொழியில் மனிதனின் பருவங்களுக்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு. குழந்தை 'திஃப்ல்', சிறுவன் 'ஸபிய்', இளைஞன் 'ஷாப்', நடுவயதை எய்தியவன் 'கஹ்ல்', முதியவன் 'ஷைகு', தள்ளாமையால் தளர்ந்தவன் 'ஹரிம்'. இவற்றுள் 'ஷைகு' என்பதற்கு முதியவன் என்னும் பொருளோடு ஆசான், தலைவன் என்னும் பொருள்களும் உண்டு என்பதைக் கற்றோர் அறிவர். நம் செந்தமிழோ பெண்ணின் பருவங்களைப் பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக ஏழாக வகுத்தது. ஆனால் அவ்வரிசை நாற்பது வயதோடு நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் வாழும் பெண்ணுக்கு அந்த வரிசையில் பெயரில்லை. ஆக, முதுமையைக் காண்பதும் காணாது விடுவதும் அதற்குப் பெயரிடுவோரின் கையில் இருக்கிறது.

மொழி சொல்லால் செய்யும் இவ்வேலையை நம் காலத்தில் தொலைக்காட்சி நாடகம் காமிராவாலும் ஒலியாலும் உடையாலும் செய்கிறது. ஒவ்வொரு வீட்டின் நடுக்கூடத்திலும் முதியோரும் பேரப்பிள்ளைகளும் ஒருங்கே அமர்ந்து பார்க்கும் கலை அது. கிழவர் என்றால் யார், அவர் எப்படிப் பேசுவார், அவரை எப்படி நோக்க வேண்டும் என்பனவற்றை அது பிள்ளைகளின் நெஞ்சில் ஓசையின்றிப் பதித்துவிடுகிறது. ஆகவே அக்கலை முதுமையைக் காட்டிய வரலாற்றில் 1974 முதல் 1990 வரையிலான சில கட்டங்களை ஈண்டு நோக்குவோமாக.

மேடையும் திரையும்

நாடக மேடையில் இளைஞனைக் கிழவனாக்குவது எளிது. நெற்றியிலும் கன்னத்திலும் பழுப்பு மையால் கோடுகள் இழுத்து, தலைக்கு வெண்பொடி தூவி, கையில் ஒரு தடியைக் கொடுத்தால் போதும். தொலைவில் அமர்ந்திருப்போர் கண்ணுக்குக் கோடு சுருக்கமாகவே தோன்றும். ஆனால் காமிரா முகத்தருகே வந்து நிற்பது. அதன்முன் மைக்கோடு மைக்கோடாகவே தெரியும். எனவே ஒப்பனைக் கலைஞர்கள் வேறு வழி கண்டனர். தோலை இழுத்துப் பிடித்து, அதன்மேல் ரப்பர்ப் பாலைப் பூசி உலரவிட்டுப் பின் கையை எடுப்பர். தோல் தன் நிலைக்குத் திரும்புகையில் மேலிருக்கும் மெல்லிய படலம் சுருங்கி, மெய்யான சுருக்கங்களைப் போலவே மடியும்.

1941ஆம் ஆண்டு வெளிவந்த 'சிட்டிசன் கேன்' என்னும் அமெரிக்கத் திரைப்படத்தில், இருபத்தைந்தே வயதான ஆர்சன் வெல்ஸ் இளமை முதல் முதுமை வரை ஒரே மனிதராக நடித்தார். அதில் ஒரு காலை உணவுக் காட்சி புகழ்பெற்றது. கணவனும் மனைவியும் மேசையில் அமர்ந்திருக்கிறார்கள். அடுத்தடுத்த காட்சிகளில் உடை மாறுகிறது, பேச்சு குறைகிறது, இறுதியில் இருவரும் பேச்சற்று ஆளுக்கொரு நாளிதழில் முகம் புதைக்கின்றனர். சில நிமிடங்களில் பல ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. முதுமை முகத்தில் மட்டும் எழுதப்படுவதன்று, மனிதர் இருவருக்கு இடையிலுள்ள வெளியிலும் எழுதப்படுவது என்பதை அக்காட்சி உலகுக்குக் காட்டிற்று.

தண்ணீர்க் குழாயை நோக்கி ஒரு நடை

தொலைக்காட்சிக்கு வருவோம். 1974 ஜனவரியில் அமெரிக்காவில் 'மிஸ் ஜேன் பிட்மனின் சுயசரிதை' என்னும் தொலைக்காட்சிப் படம் ஒளிபரப்பாயிற்று. எர்னெஸ்ட் கெய்ன்ஸ் 1971இல் எழுதிய நாவலே அதன் மூலம். அடிமையாகப் பிறந்து, 1960களின் உரிமைப் போராட்டக் காலம் வரை வாழ்ந்த கறுப்பினப் பெண்ணொருத்தியின் கற்பனை வரலாறு அது. ஐம்பதை நெருங்கிய சிசிலி டைசன் என்னும் நடிகை, அதில் இளம்பெண்ணாகவும் நூற்றுப்பத்து வயது மூதாட்டியாகவும் தோன்றினார். ஸ்டான் வின்ஸ்டன், ரிக் பேக்கர் என்னும் இருவர் அவருக்கு ஒப்பனை செய்தனர். நடிகைக்கும் ஒப்பனையாளர்க்கும் எம்மி விருதுகள் கிடைத்தன.

ஆனால் நாம் ஈண்டுக் கருத வேண்டியது ஒப்பனையை அன்று. அதன் இறுதிக் காட்சியை. வெள்ளையர் மட்டுமே நீர் அருந்தலாம் என ஒதுக்கப்பட்ட குழாயொன்று நீதிமன்றத்தின் முன் இருக்கிறது. அம்மூதாட்டி தடியை ஊன்றி அதனை நோக்கித் தனியே நடக்கிறாள். இயக்குநர் ஜான் கார்ட்டி அந்த நடையைச் சுருக்கவில்லை. காமிரா பொறுமையோடு அவளுடன் செல்கிறது. காவலர் பார்த்து நிற்க, அவள் குனிந்து நீர் அருந்துகிறாள். மீண்டும் அதே நடையில் திரும்புகிறாள். வாலிபர் ஒருவர் அத்தூரத்தைச் சில நொடிகளில் கடந்திருப்பார். அவளது மெதுநடையே அங்கு அடிமைத்தனத்தின் நூற்றாண்டை நமக்கு அளந்து காட்டும் கோல். தளர்ச்சியை இரக்கப் பொருளாக்காமல் வலிமையின் சான்றாகக் காட்டிய காட்சி அது.

தந்தையினும் மூத்த மைந்தர்

இந்தியாவில் தொலைக்காட்சி 1959இல் தில்லியில் தொடங்கிற்று. 1982இல் வண்ணம் பெற்றது. 1984 ஜூலையில் தொடங்கிய 'ஹம் லோக்' தொடரில் பாட்டியாக நடித்த சுஷ்மா சேத்துக்கு அப்போது ஐம்பது வயதும் நிறையவில்லை. அப்பாட்டி புற்றுநோயுற்றபோது நாடே கலங்கிற்று.

அதன்பின் 1986இல் வந்தது 'புனியாத்'. அதையும் எழுதியவர் 'ஹம் லோக்' ஆசிரியரான மனோகர் ஷியாம் ஜோஷியே. ரமேஷ் சிப்பியும் ஜோதி ஸரூப்பும் இயக்கினர். லாகூரில் தொடங்கி, 1947ஆம் ஆண்டுப் பிரிவினையின் துயரைக் கடந்து, தில்லியில் தொடரும் ஒரு குடும்பத்தின் கதை அது. குடும்பத் தலைவர் ஹவேலிராம் என்னும் ஆசிரியராக நடித்த ஆலோக் நாத்துக்கு அப்போது வயது முப்பது. அவருடைய மைந்தர்களாக நடித்த கன்வல்ஜீத் சிங்கும் தலீப் தாஹிலும் மெய்வாழ்வில் அவரினும் மூத்தவர்கள்! ஆயினும் பார்த்தவர் எவரும் நகைக்கவில்லை. தந்தையைத் தந்தையாகவே கண்டனர்.

இது எங்ஙனம் கைகூடிற்று? வாரந்தோறும் வரும் தொடரின் தனி வலிமை இது. திரைப்படம் மூன்று மணியில் முடிவது. தொடரோ மாதக்கணக்கில் நம் வீட்டுக்கு வருவது. நடிகரின் தலை சிறிது சிறிதாக நரைக்கிறது. கண்ணாடி மூக்கில் ஏறுகிறது. சால்வை தோளில் விழுகிறது. அண்டை வீட்டார் முதுமையடைவதைக் காண்பது போல நாமும் அதனைக் கண்டு பழகிவிடுகிறோம்.

உடையைப் பற்றி ஒரு நுட்பமும் உண்டு. அக்காலத் தொலைக்காட்சிக் காமிராக்கள் பளிச்சிடும் வெண்மையைத் தாங்கமாட்டா. அவ்விடம் கூசித் தெரியும். எனவே வெள்ளை உடைகளைத் தேயிலைச் சாயம் முதலியவற்றில் தோய்த்து மங்கச் செய்வது வழக்கம். முதியவர் உடை சற்றே அகலமாகத் தைக்கப்படுவதும் உண்டு. உடல் வற்றிவிட்டது, துணி மட்டும் பழைய அளவில் இருக்கிறது என்பதை அது பேசாமல் பேசும்.

காலிபின் இரு குரல்கள்

1988இல் கவிஞர் குல்ஸார் 'மிர்ஸா காலிப்' தொடரை அளித்தார். காலிப் 1797இல் ஆக்ராவில் பிறந்து, 1869இல் தில்லியில் மறைந்தவர். பிறந்த பிள்ளைகள் எழுவரும் மழலையிலேயே மாண்டனர். மகனாக வளர்த்த ஆரிஃபும் 1852இல் இறந்தார். 1857இல் தாம் அறிந்த தில்லியே அழிந்தது. இறுதி நாட்களில் செவிப்புலனும் குன்றிற்று. இத்தகையவரின் முதுமையை ரப்பர்ப் பாலால் மட்டும் காட்டிவிட முடியுமா?

முப்பத்தெட்டு வயதான நசீருத்தீன் ஷா அதனைப் பேச்சினால் காட்டினார். இளமைக் காலிபின் பேச்சில் குறும்பும் விரைவும் துள்ளும். முதிய காலிபின் வாக்கியங்களுக்கிடையே மூச்சு வந்து அமர்கிறது. குறும்பு மட்டும் சாகாமல் கண்ணில் இருக்கிறது. ஆனால் கஸல்கள் ஒலிக்கையில் வருவது ஜக்ஜித் சிங்கின் குரல். அது கவிஞர் இளைஞராக இருக்கும்போதும் முதியவராக இருக்கும்போதும் ஒன்றே. பேச்சு நரைக்கிறது, கவிதை நரைப்பதில்லை என்பதே நாம் அதனின்று உணர்ந்த பொருள்.

அதே ஆண்டு அக்டோபரில் 'மகாபாரத்' தொடங்கி, 1990 ஜூன் வரை நடந்தது. அதன் உரையாடலை இயற்றியவர் உருது அறிஞர் ராஹீ மஃஸூம் ரஸா. அவர் காலத்தையே கதைசொல்லியாக்கினார். திரையில் வானவெளியும் சுழலும் சக்கரமும் தோன்ற, ஹரீஷ் பீமானியின் குரல் மட்டும் பேசும். முகமே இல்லாத அக்குரலுக்கு மூப்புமில்லை. அதே தொடரில் முப்பதை ஒட்டிய வயதினரான முகேஷ் கன்னா, பீஷ்மராக வெண்தாடியோடு நிமிர்ந்து நின்றார். தலை வெளுத்தது; முதுகு வளையவில்லை. மாண்பின் சின்னமாக நரையைக் காட்டிய முறை இது. கண்ணுக்கு இனியதே, எனினும் மூட்டு நோவும் மறதியும் உடைய நம் வீட்டுப் பெரியவர் அந்த உருவத்தின் அருகே எளியவராகிவிடுகிறார் என்பதையும் மறத்தற்கில்லை.

கை தேடும் இடம்

காலிப் தொடர் வந்த நாட்களில் நாம் மதரஸா மாணவர். விடுமுறைக்கு ஊர் வந்தபோது உறவினர் வீட்டுக் கறுப்பு வெள்ளைப் பெட்டியில் உம்மம்மாவுடன் அமர்ந்து அதனைப் பார்த்தோம். அவருக்கு உருது தெரியாது. நாம் அரைகுறையாகப் பொருள் சொல்லிக்கொண்டிருந்தோம். அவர் அதனைக் கேட்கவில்லை. நடிகரின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவரு பரவாயில்ல வாப்பா. எழும்புறதுக்கு முன்னால கை எடம் தேடுது" என்றார். மற்றொரு நாள் வேறொரு நாடகத்தில் ஒரு கிழவர் ஓயாமல் இருமிக்கொண்டிருந்தார். உம்மம்மா முகம் சுளித்து, "வயசுன்னா இருமல்தானா?" என்று கேட்டுவிட்டு எழுந்தார். எழுமுன் அவர் கை சுவரைத் தேடியதை அன்றுதான் நாம் முதன்முதலாகக் கண்டோம். பிறந்தது முதல் அவருடன் வாழ்ந்தும் அதுவரை கண்டதில்லை.

நல்ல நாடகம் செய்யவேண்டிய பணி இதுவே என்போம். இருமலையும் தடியையும் கொண்டு முதுமையைக் கேலிக்குரியதாக்கும் நாடகம், நம் பிள்ளைகளின் கண்ணை வீட்டுப் பெரியவரிடமிருந்து திருப்பிவிடுகிறது. முதியவரின் நடைக்குரிய நேரத்தைக் கொடுத்து, அவர் சொல்லுக்கிடையிலுள்ள மூச்சைக் கேட்கச் செய்யும் நாடகமோ, அக்கண்ணை அவர்பால் திருப்பித் தருகிறது. அன்பர்களே, இன்றிரவு பிள்ளைகளோடு திரைமுன் அமர்கையில், நம்மோடு அமர்ந்திருக்கும் பெரியவர் அந்தக் கிழவர் வேடத்தைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். அவர் எழ முனைகையில், சுவரைத் தேடும் அக்கைக்கு ஒரு பேரப்பிள்ளையின் தோள் கிட்டுமாயின், அதுவே நிறைவு.