வாசல்ல ஒரு அட்டை வெச்ச கதை

அக்டோபர் மாசம், ஒரு சனிக்கிழமை காலை. காலிங் பெல் அடிச்சுது. கதவைத் திறந்தா எதிர் வரிசை மதுரைக்கார அண்ணன், கையில ஒரு கத்தை அட்டையோட நிக்கிறார். எங்க டவுன் பள்ளி நிர்வாகக் குழுத் தேர்தல்ல மனுஷர் வேட்பாளர். "தம்பி, வாசல்ல ஒண்ணு குத்தி வெச்சுக்கறியாப்பா?"ன்னு கேட்டார். நியூஜெர்சி வந்த நாள்லேர்ந்து அவங்க வீட்டுச் சாம்பார்ல வளர்ந்த உடம்பு இது. மாட்டேன்னா சொல்ல முடியும்? வாங்கிக் குத்திட்டேன்.

நாலே நாள்ல வீட்டு ஓனர்கிட்டேர்ந்து மெயில். குடியிருப்பு அசோசியேஷன் அவருக்கு அனுப்பின நோட்டீஸை அப்படியே எனக்குத் தள்ளி விட்டிருந்தார். பொது இடத்தில் அறிவிப்புப் பலகை வைப்பது விதிமீறல், 48 மணி நேரத்துக்குள் எடுக்காவிட்டால் அபராதம். விதிவிலக்கு ஒண்ணே ஒண்ணுதான்: 'வீடு விற்பனைக்கு' பலகை.

தங்கமணி ஒரே பிடியா பிடிச்சுக்கிட்டாங்க. "ஓட்டு இல்லாத ஊர்ல உங்களுக்கு எதுக்கு இந்த வேலை? நாளைக்கு விசாவுல ஏதாவது கை வெச்சா?" நியாயமான கேள்விதான். பதில் தெரியாம முழிச்சேன். ஆபீஸ்ல ஆணி கம்மியா இருந்த ஒரு மத்தியானம் படிக்க உட்கார்ந்தேன். அந்த அட்டைக்குப் பின்னாடி இவ்வளவு பெரிய வரலாறு இருக்கும்னு சத்தியமா எதிர்பார்க்கல.

இந்த ஊர்ப் பக்கம் வராதவங்களுக்கு ஒரு சின்ன விளக்கம். யார்ட் சைன் அல்லது லான் சைன்னு சொல்றது, பொதுவா 24 அங்குல அகலம், 18 அங்குல உயரத்துல ஒரு ப்ளாஸ்டிக் அட்டை. அட்டைப்பெட்டி மாதிரி உள்ளுக்குள்ள குழல் குழலா இருக்கும். ஹெச் எழுத்து மாதிரி வளைச்ச கம்பியை அந்தக் குழல்ல சொருகி, மறு முனையைப் புல்தரையில குத்திட்டா வேலை முடிஞ்சுது. அட்டையில பெருசா பேர், சின்னதா என்ன பதவி. அவ்வளவுதான். வேட்பாளர் ஃபோட்டோகூட ரொம்ப அபூர்வம். கும்பிடு போடுற கை, மேலே வட்டத்துக்குள்ள தலைவர்கள் படம், எதுவும் கிடையாது. நம்ம ஊர் ஃப்ளெக்ஸ் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, யாரோ அவசரத்துல பாதியில விட்டுட்டுப் போன மாதிரி இருக்கும் :-)

வெறும் பேரை எழுதி வெச்சா ஓட்டு விழுமா? ஜனாதிபதித் தேர்தல்னா எல்லாருக்கும் ஆளைத் தெரியும். உள்ளாட்சியில அப்படி இல்ல. நியூஜெர்சியில பள்ளிக் குழு வாக்குச்சீட்டுல வேட்பாளர் பேருக்குப் பக்கத்துல கட்சிப் பேரே இருக்காது. அறிமுகமில்லாத ஏழெட்டுப் பேரைப் பார்த்து முழிக்கிறவனுக்கு, 'இந்தப் பேரை எங்கேயோ பார்த்திருக்கோமே'ங்கிற ஒரு பொறி போதும். 2011-ல நாஷ்வில் நகரசபைத் தேர்தல் சமயத்துல வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிண்டி காம், எலிசபெத் ஜெக்மைஸ்டர்னு ரெண்டு பேராசிரியைகள் இதைச் சோதிச்சுப் பார்த்தாங்க. ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போற வழியில இருந்த வீட்டு வாசல்ல 'பென் க்ரிஃபின்'னு பேர் போட்ட சைன்களை நட்டாங்க. அப்படி ஒரு வேட்பாளரே கிடையாது, கற்பனைப் பேர்! அப்புறம் பெற்றோர்கிட்ட கருத்துக் கேட்டா, அந்த வழியா வண்டி ஓட்டினவங்கள்ல ஏறக்குறைய கால்வாசிப் பேர் பென் க்ரிஃபினைத் தங்களோட முதல் மூணு தேர்வுகள்ல ஒருத்தரா குறிச்சிருக்காங்க. வேற வழியா வந்தவங்களைவிட சுமார் 10 சதவீதப் புள்ளி அதிகம். அடப்பாவிகளா!

நிஜ வேட்பாளர்களை வெச்சுப் பண்ணின ஆய்வும் இருக்கு. 2016-ல வெளியானது. குலுக்கல் முறையில வாக்குச்சாவடிப் பகுதிகளைத் தேர்ந்தெடுத்து சைன் நட்டு, முடிவுகளை ஒப்பிட்டாங்க. மேயர் வேட்பாளர், கவுன்ட்டி கமிஷனர் வேட்பாளர் எல்லாம் சேர்த்து நாலு தேர்தல். சராசரி லாபம் 1.7 சதவீதப் புள்ளிதான். சின்ன எண் மாதிரி தெரியும். ஆனா பத்து இருபது ஓட்டுல முடிவாகிற பள்ளிக் குழுத் தேர்தல்ல நிக்கிறவர்கிட்ட அதைச் சொல்லிப் பாருங்க.

சரி, சட்டத்துக்கு வருவோம். அமெரிக்காவுல பேச்சுச் சுதந்திரம்னா ஏதோ ஜெஃபர்சன் காலத்துலயே எல்லாம் தீர்ந்துபோன விஷயம்னு நினைச்சிருந்தேன். வீட்டு வாசல்ல அட்டை வைக்கிற உரிமை உறுதியானது 1994-லதான்! அதுவும் நேரா வரல, சுத்தி வளைச்சு வந்திருக்கு.

முதல் கதை அரசியல் அட்டையே இல்ல. எங்க மாநிலத்துல வில்லிங்பரோன்னு ஒரு ஊர். லெவிட் கம்பெனி மொத்தமா கட்டி வித்த நகர். ஆரம்பத்துல கறுப்பின மக்களுக்கு வீடே விக்க மாட்டோம்னு அடம் பிடிச்சாங்க. 1960-ல மாநில உச்ச நீதிமன்றம் அது செல்லாதுன்னு சொன்னப்புறம் கறுப்பினக் குடும்பங்கள் வர ஆரம்பிச்சாங்க. 1973-ல வெள்ளையர் அல்லாதவங்க 18 சதவீதம் ஆனதும், வெள்ளைக்காரங்க பயந்து வரிசையா வீட்டை விக்க ஆரம்பிச்சுட்டாங்க. தெருவுல ஒரு 'விற்பனைக்கு' பலகை வந்தா, அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் விக்கிறது. இதைத் தடுக்க 1974-ல ஊராட்சி அந்தப் பலகைகளையே தடை பண்ணிடுச்சு. இன ஒற்றுமை நிலைக்கணும்னு போட்ட சட்டம், நோக்கத்துல குத்தம் சொல்ல முடியாது. ஆனா 1977-ல உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி பண்ணிடுச்சு. மக்களுக்கு உண்மைத் தகவல் தெரியக்கூடாதுன்னு அரசாங்கம் வாயை மூட முடியாதுங்கிறது காரணம். தீர்ப்பை எழுதினவர் தர்குட் மார்ஷல். அந்த நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி. அவர் பேனாவுக்கு அன்னைக்கு எப்படி இருந்திருக்கும்னு நான் அடிக்கடி யோசிப்பேன்.

ரெண்டாவது கதை லாஸ் ஏஞ்சலஸ், 1979. ரோலண்ட் வின்சென்ட்னு ஒரு நகரசபை வேட்பாளர். அவரோட ஆதரவாளர்கள் 15க்கு 44 அங்குல அட்டைகளை மின்கம்பங்கள்ல மாட்டினாங்க. நகராட்சி ஆட்கள் பிடுங்கிப் போட்டாங்க. மார்ச் முதல் வாரத்துல மட்டும் பொது இடங்கள்லேர்ந்து எடுத்த அட்டைகள் 1,207. அதுல வின்சென்ட்டோடது 48. (ஆணி பிடுங்கின கணக்குகூட எழுதி வெச்சிருக்காங்க பாருங்க!) வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 1984-ல 6-3ன்னு நகராட்சி ஜெயிச்சுது. பொதுக் கம்பம் உன் சொத்து இல்ல, ஊர் அசிங்கமாகாம பார்த்துக்க நகராட்சிக்கு உரிமை உண்டு. தீர்ப்பு எழுதினவர் ஜான் பால் ஸ்டீவன்ஸ். இந்தப் பேரை ஞாபகம் வெச்சுக்கங்க.

எனக்கு இதுல நீதிபதி பக்கம்தான் மனசு போகுது. எங்க தாத்தா வீட்டுக் காம்பவுண்டு சுவத்துல அந்தக் காலத்துல ராத்திரியோட ராத்திரியா ஒரு கட்சிக்காரங்க சின்னம் வரைஞ்சுட்டுப் போவாங்களாம். தாத்தா எதிர்க்கட்சி. சுண்ணாம்பு அடிச்சு மறைக்கவும் பயம், அதைப் பார்த்துக்கிட்டே வெளியே போகவும் கஷ்டம். அடுத்தவன் சுவரு உன் நோட்டுப் புத்தகம் இல்ல.

ஆனா என் சுவர், என் வாசல்னா? அங்கேதான் மார்கரெட் கில்லியோ வர்றாங்க. செயின்ட் லூயிஸ் பக்கத்துல லட்யூன்னு ஒரு பணக்காரப் புறநகர். 1990 டிசம்பர் 8-ம் தேதி, வளைகுடாப் போர் தொடங்கறதுக்குச் சில வாரங்களுக்கு முன்னாடி, கில்லியோ தன் வாசல் புல்தரையில 24க்கு 36 அங்குலத்துல ஒரு பலகை வெச்சாங்க. போர் வேண்டாம், நாடாளுமன்ற உறுப்பினரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கங்கிற மாதிரி ஒரு வாசகம். பலகை காணாமப் போச்சு. இன்னொண்ணு வெச்சாங்க. யாரோ தள்ளி விட்டுட்டாங்க. போலீஸ்ல சொன்னா, "அம்மா, இந்த ஊர்ல பலகை வைக்கிறதே சட்டவிரோதம்"னு பதில். திருடனைப் பிடிக்கச் சொல்லிப் போனவங்க குற்றவாளி ஆயிட்டாங்க.

நகரசபைகிட்ட விலக்கு கேட்டாங்க, மறுத்துட்டாங்க. கோர்ட்டுக்குப் போய் இடைக்காலத் தடை வாங்கிட்டு, மாடி ஜன்னல்ல ஒரு சாதாரண பிரிண்டர் தாள் அளவுல 'வளைகுடாவில் அமைதி' வேண்டி ஒரு சின்னத் தாள் ஒட்டினாங்க. உடனே நகரசபை பழைய சட்டத்தைத் தூக்கிட்டுப் புதுசா ஒண்ணு போட்டுது. ஜன்னல் தாளுக்கும் சேர்த்துத் தடை! பத்து வகைப் பலகைக்கு மட்டும் விலக்கு. அதுல ஒண்ணு 'வீடு விற்பனைக்கு'. ஏன்னா, அதைத் தடுக்கக்கூடாதுன்னு வில்லிங்பரோ வழக்குல ஏற்கெனவே சொல்லிட்டாங்களே. ஆக லட்யூவுல ஒரு வீடு தன்னை விலை பேசலாம், ஆனா போரைப் பத்தி வாய் திறக்கக்கூடாது.

1994 ஜூன்ல உச்ச நீதிமன்றம் ஒருமனதா கில்லியோ பக்கம் தீர்ப்பு சொல்லுச்சு. எழுதினவர் யாருன்னு நினைக்கிறீங்க? அதே ஸ்டீவன்ஸ். மின்கம்பத்துக்கு 'கூடாது' சொன்ன அதே ஆள் வாசலுக்கு 'கட்டாயம் கூடும்'னு சொன்னார். அவர் சொன்ன காரணம் எனக்கு ரொம்பப் பிடிச்சுது. ஒரு வாசகத்தை ஒருத்தர் தன் வீட்டு வாசல்ல வைக்கும்போது, சொல்றது யாருங்கிறதும் செய்தியோட ஒரு பாகமாயிடுது. ஒரு ஓய்வுபெற்ற ராணுவத் தளபதி வீட்டு வாசல்ல அமைதி வேண்டும்னு பலகை இருந்தா, அது ஒரு பத்து வயசுப் பையன் ஜன்னல்லயோ கார் பம்பர்லயோ இருக்கற அதே வாசகம் இல்ல. தவிர, பத்திரிகை விளம்பரத்துக்குக் காசு இல்லாதவனுக்கு இதைவிட மலிவான வழி ஏது?

2015-ல அரிசோனாவின் கில்பர்ட் ஊர் வழக்கு இன்னும் ஒரு படி மேலே போச்சு. அந்த ஊர்ல அரசியல் பலகைக்கு ஒரு அளவு, சர்ச் கூட்டத்துக்கு வழி காட்டுற பலகைக்கு வேற அளவு, வேற நேரம். பலகையில என்ன எழுதியிருக்குன்னு பார்த்துப் பார்த்து விதி போடக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. அதுக்கப்புறம் நிறைய ஊர்கள்ல பலகைச் சட்டத்தைத் திருத்தி எழுத வேண்டியதாச்சு.

அப்போ நான் ஜெயிச்சுட்டேனா? இல்ல. இதெல்லாம் அரசாங்கத்தைக் கட்டுப்படுத்துற தீர்ப்புகள். அசோசியேஷன் அரசாங்கம் இல்ல, தனியார் அமைப்பு. நீ கையெழுத்துப் போட்டுத்தானே வீடு வாங்கினேன்னு கேப்பாங்க. 2007-ல ட்வின் ரிவர்ஸ்ங்கிற பெரிய குடியிருப்பு வழக்குல நியூஜெர்சி உச்ச நீதிமன்றமே அசோசியேஷன் பக்கம்தான் நின்னுது. அங்கே ஒரு ஜன்னலுக்கு ஒண்ணு, வீட்டை ஒட்டி மூணு அடிக்குள்ள பூச்செடிப் பாத்தியில ஒண்ணுன்னு அனுமதி இருந்தது. அது போதும்னு சொல்லிட்டாங்க.

இங்கே வர்றார் வாசிம் கான். பார்சிப்பனிக்காரர். நம்மாளுங்க நிறைஞ்ச ஊர், தெரியாதவங்க இருக்க மாட்டீங்க. 2005-ல நகரசபைத் தேர்தல்ல நின்னார். தன் டவுன்ஹவுஸ் ஜன்னல் உள்பக்கம் ஒண்ணு, கதவு உள்பக்கம் ஒண்ணுன்னு தன் பேரையே போட்டு ரெண்டு அட்டை வெச்சார். எடுக்கச் சொல்லுச்சு அசோசியேஷன். அங்கேயும் 'விற்பனைக்கு' பலகைக்கு மட்டும்தான் அனுமதி! நடுவுல வளர்ந்துபோன ரோஜாக் கொடி, அபராதம்னு வேற தகராறும் சேர்ந்து வழக்கு நீண்டுக்கிட்டே போச்சு. கான் தேர்தல்ல தோத்துட்டார். 2012-ல வழக்குல ஜெயிச்சார். சொந்த வீட்டுக்குள்ள அரசியல் அட்டையை மொத்தமாத் தடுக்கற விதி மாநில அரசியல் சட்டப்படி செல்லாது, அளவு, எண்ணிக்கை, இடம் இதுக்கெல்லாம் நியாயமான விதி போட்டுக்கலாம்னு நியூஜெர்சி உச்ச நீதிமன்றம் சொல்லுச்சு. ஒரு அட்டைக்காக ஏழு வருஷம். நானா இருந்தா ரெண்டாவது நோட்டீஸ்லயே கழட்டியிருப்பேன்.

தங்கமணியோட விசாக் கேள்வி பாக்கி இருக்கு. குடியுரிமையும் கிரீன் கார்டும் இல்லாதவங்க எந்தத் தேர்தலுக்கும், உள்ளாட்சியையும் சேர்த்து, பணம் கொடுக்கவோ செலவழிக்கவோ கூடாது. நியூயார்க்ல வேலை விசாவுல இருந்த ப்ளூமன்ங்கிற கனடாக்கார வக்கீல், சொந்தமா துண்டுப் பிரசுரம் அச்சடிச்சு சென்ட்ரல் பார்க்ல கொடுக்கணும்னு கேட்டு வழக்குப் போட்டார். 2011-ல தோத்தார். அந்தத் தீர்ப்பை எழுதின கேவனா பின்னாடி உச்ச நீதிமன்றத்துக்கே போயிட்டார். 2012-ல உச்ச நீதிமன்றமும் விசாரிக்காமலே அதை உறுதி செஞ்சுடுச்சு. ஆனா காசு வாங்காம தொண்டரா உதவி பண்ண விதி இடம் கொடுக்குது. நான் அட்டையை அச்சடிக்கல, காசு கொடுக்கல. அண்ணன் கொடுத்ததை வாங்கி வெச்சேன். இதைப் பிரிண்ட் எடுத்தே காட்டினேன். "இருந்தாலும்..."னு இழுத்தாங்க. அந்த 'இருந்தாலும்' இங்கே விசாவுல இருக்கற எல்லார் வீட்லயும் உண்டு.

கடைசியில என்ன பண்ணினேன்? எங்க வாசல் புல்தரை பொதுச் சொத்து, மின்கம்பம் மாதிரி. அதனால நோட்டீஸ் நியாயம்தான். அட்டையைப் பிடுங்கி, கம்பியைக் கழட்டி, அடுக்களை ஜன்னல்ல உள்பக்கமா சாத்தி வெச்சேன். ஓனருக்கு முதல்லயே போன் பண்ணிச் சொன்னேன். "எனக்குப் பிரச்னை வராம பார்த்துக்கோ"ன்னார். அசோசியேஷன்லேர்ந்து அப்புறம் ஒண்ணும் வரல.

அண்ணன் தோத்துட்டார். வித்தியாசம் எவ்வளவுன்னு நான் கேக்கல, அவரும் சொல்லல. அட்டை இப்போ ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி இருக்கு. அடுத்த வருஷமும் நிப்பேன், எடுத்து வைய்யிப்பான்னு சொல்லியிருக்கார்.

போன வாரம் ஓனர்கிட்டேர்ந்து இன்னொரு மெயில் வந்துது. லீஸ் முடிஞ்சதும் வீட்டை விக்கப் போறாராம். வியாழக்கிழமை ஏஜென்ட் வந்து வாசல்ல பலகை நடுவாராம்.