வீட்டுப்பாடமும் வாத்திமாரும்: டாஃப்ட் பங்க்கின் முதல் அல்பம்

டாஃப்ட் பங்க் எண்டால் எங்களில் கனபேருக்கு ஞாபகம் வருவது தலைக்கவசம் போட்ட இரண்டு ரோபோக்கள். அந்தக் கவசங்கள் பிறகு வந்தவை. 1997 ஜனவரியில் 'ஹோம்வேர்க்' வெளிவந்தபோது தோமா பங்கால்டேரும் கீ-மனுவல் டி ஓமெம்-கிறிஸ்டோவும் 22 வயதுப் பாரிஸ் பெடியன்கள், அவ்வளவுதான்.

பெயரே ஒரு வசையில் இருந்து வந்தது. பள்ளிக்கூடத்தில் சந்தித்த இவர்கள் 1992இல் இன்னொரு நண்பரோடு சேர்ந்து 'டார்லின்' எண்ட கிட்டார் குழுவை நடத்தினார்கள். 'மெலடி மேக்கர்' எண்ட பிரித்தானிய இசைப் பத்திரிகை அவர்களின் பாட்டை விசர்த்தனமான பங்க் இரைச்சல் எண்டு எழுதியது. குழு கலைந்தது. அந்த வசையையே இருவரும் பெயராக வைத்துக்கொண்டார்கள்.

அல்பம் பெரும்பாலும் பங்கால்டேரின் வீட்டு அறையில் செய்யப்பட்டது. ட்ரம் மெஷின், சிந்தசைசர், சாம்ப்ளர், ஒரு கணினி. 'அறைக்குள் இருந்தே உலகத்தைப் பிடிக்கலாம்' எண்டு இதைக் காட்டிக் கதைப்பவர்கள் ஒரு விசயத்தை விட்டுவிடுகிறார்கள். பங்கால்டேரின் அப்பா டானியல் வான்கார்ட், 'டி.ஐ.எஸ்.சி.ஓ.' பாட்டை உருவாக்கியவர்களில் ஒருவர். இசை வியாபாரத்தின் நெளிவுசுளிவு தெரிந்த ஆள் வீட்டிலேயே இருந்தார். 1996இல் வேர்ஜின் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தபோது ஒலிப்பதிவுகளின் உரிமையை இவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த வயதில் அது எல்லாருக்கும் வாய்க்காது.

'அரவுண்ட் த வேர்ல்ட்' எல்லாருக்கும் தெரியும். ஒரே வரி 144 தடவை வரும். அந்த பேஸ் இல்லாட்டி பத்தாவது தடவையிலேயே நிப்பாட்டியிருப்போம். எங்களுக்கு இந்த அல்பத்தின் மையம் 'டீச்சர்ஸ்'. மூன்று நிமிடம்கூட இல்லை. பாட்டு முழுக்க ஆட்களின் பெயர்கள்தான். பிரையன் வில்சனும் டொக்டர் ட்ரேயும் வருகிறார்கள். ஆனால் கூட வருவது லில் லூயிஸ், டீஜே டீயோன், போல் ஜோன்சன் மாதிரியான சிக்காகோக்காரர். இப்பிடிப் பெயர் அடுக்கும் வடிவமும் பாரிஸ் மிச்செல் எண்ட சிக்காகோக் கலைஞரின் பாட்டில் இருந்து எடுத்ததுதான்.

ஏன் சிக்காகோ? 1977இல் அங்கே திறந்த 'வேர்ஹவுஸ்' கிளப்பில் ஃபிராங்கி நக்கிள்ஸ் இசைத்தட்டுப் போட, கறுப்பின, லத்தீன் தன்பாலீர்ப்பாளர்கள் விடிய விடிய ஆடினார்கள். அங்கேயிருந்துதான் ஹவுஸ் இசை வளர்ந்தது. அதே நகரத்து பேஸ்போல் மைதானத்தில் 1979 ஜூலை 12 அன்று டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். வெறுப்பு இசைத்தட்டில் மட்டும் இல்லை, அதுக்கு ஆடின ஆட்களிலும்தான். அந்த ஆட்களின் இசையை 1997இல் இரண்டு வெள்ளைப் பெடியன்கள் உலகச் சந்தைக்குக் கொண்டுபோனார்கள். வாத்திமாரின் பெயரை மறைக்கவில்லை, அதை மதிக்கிறோம். எண்டாலும் பெயர் சொன்னதால் அந்த வாத்திமாருக்கு வேர்ஜின் மாதிரி ஒரு ஒப்பந்தம் கிடைத்துவிடவில்லை.

அந்தப் பட்டியலில் முதலில் போல் ஜோன்சனைத் தேடிக் கேளுங்கோ. 1999இல் வந்த 'கெட் கெட் டவுன்' போதும். துப்பாக்கிச் சூட்டில் காயப்பட்டு, சக்கரநாற்காலியில் இருந்தபடியே கிளப்புகளை ஆடவைத்தவர். டாஃப்ட் பங்க் பிரிவதாக அறிவித்த 2021ஆம் ஆண்டிலேயே, ஓகஸ்டில், கொரோனாவில் இறந்துபோனார்.