சுவார்ட்ஸ் வளர்த்த மூவர்: தஞ்சையில் சீஷத்துவத்தின் பலமும் எல்லையும்

பன்னிருவரை இயேசு ஏற்படுத்தியதற்கு மாற்கு 3:14 இரண்டு நோக்கங்களைச் சொல்கிறது. அவர்கள் தம்மோடு இருக்கவேண்டும் என்பது முதலாவது. அனுப்பப்பட வேண்டும் என்பது அதற்குப் பிறகு. நம் சபைகளில் சீஷத்துவம் என்பது பெரும்பாலும் திடப்படுத்தல் வகுப்போடும் ஒரு பாடநூலோடும் முடிந்துவிடுகிறது. இரண்டாவது நோக்கத்துக்குப் பயிற்சி உண்டு. முதலாவதற்கு யாருக்கும் நேரமில்லை. கூட இருத்தல் எதைக் கைமாற்றும், எதைக் கைமாற்றாது என்பதை அறியத் தஞ்சாவூர் வரலாறு உதவும்.

1750-இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானிய மிஷனெரி கிறிஸ்தியான் பிரெடரிக் சுவார்ட்ஸ், 1778 முதல் 1798-இல் இறக்கும் வரை தஞ்சையில் வாழ்ந்தார். மணம் செய்துகொள்ளாதவர். பிள்ளைகளை எடுத்து வளர்ப்பது அவருடைய ஊழியத்தின் ஓரத்தில் நடந்த காரியம் அல்ல. அதுவே அவர் ஊழியம் நடந்த விதம். தரங்கம்பாடி மிஷனெரி ஒருவரின் மகனான யோவான் காஸ்பர் கோலாப்பைச் சிறுவயது முதல் தம்மிடம் வைத்து வளர்த்தார். 1787-இல் குருப்பட்டம் பெற்ற கோலாப், 1844-இல் இறக்கும் வரை ஆசானின் பணியைத் தொடர்ந்தார். வளர்ப்பு என்றதும் நாம் எதிர்பார்ப்பது இத்தகைய வாரிசைத்தான்.

மற்ற இருவர் அந்த எதிர்பார்ப்புக்குள் அடங்குவதில்லை. பாளையங்கோட்டையிலிருந்து ஏறத்தாழ 12 வயதில் சுவார்ட்ஸ் அழைத்துவந்த வேதநாயகம், தஞ்சையிலும் தரங்கம்பாடியிலும் இறையியலோடு வானநூலும் புவிநூலும் கற்றார். 1794-இல் தஞ்சை மிஷன் பள்ளியின் தலைமையாசிரியரானார். ஆனால் அவர் எழுதியது பிரசங்கத் தொகுப்பு அல்ல, குறவஞ்சி. பெத்லகேம் குறவஞ்சியில், ஆசான் படித்த ஹாலே நகரத்து அறிவியல் குறத்தியின் பாட்டோடு சேர்ந்து நடக்கிறது. தமிழில் சரளமாகப் பேசிய ஜெர்மானிய ஆசான் நினைத்தாலும் எழுதியிருக்க முடியாத நூல் அது. ஆசானால் இயலாததைச் சீஷன் செய்வதே வளர்ப்பின் சரியான அளவுகோல் என்று எனக்குத் தோன்றுகிறது.

மூன்றாமவர் சரபோஜி. தஞ்சை மன்னர் துளஜா 1787-இல் தத்தெடுத்து, சுவார்ட்ஸின் பாதுகாப்பில் ஒப்படைத்த சிறுவன். அவர் கிறிஸ்தவராகவில்லை. ஞானஸ்நானக் கணக்கில் இது பூஜ்யம். ஆனாலும் மன்னரான பின், ஆசானின் மரணப்படுக்கையருகே தாம் நிற்கும் காட்சியை ஜான் பிளாக்ஸ்மனைக் கொண்டு பளிங்கில் செதுக்குவித்துத் தஞ்சைத் தேவாலயத்தில் நிறுவச் செய்தார். சுவார்ட்ஸுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் இருந்த செல்வாக்கை இங்கே மறக்கலாகாது. அந்த உறவில் அரசியலும் கலந்திருந்தது. அரசியல் நன்றியாக மட்டும் இருந்திருந்தால் ஒரு கல்வெட்டு போதுமாயிருக்கும்.

மறுபக்கமும் உண்டு. தஞ்சைச் சபையில் மக்கள் சாதிவாரியாகத் தனித்தனியே அமர்ந்தனர். காலப்போக்கில் கரையும் என்று நம்பி சுவார்ட்ஸ் அதைப் பொறுத்துக்கொண்டார். கூட வாழ்ந்தவர்களுக்கு அந்தப் பொறுமையும் ஒரு பாடமாயிற்று. 1820-களில் புதிய மிஷனெரிகள் அந்த ஏற்பாட்டைக் கலைக்க முயன்றபோது, பழைய ஐயரான சுவார்ட்ஸ் அனுமதித்ததையே வேதநாயக சாஸ்திரியார் தரப்பு வாதமாக வைத்தது. சாஸ்திரியார் மிஷன் வேலையை இழந்தார். அவரை ஆதரித்தது சரபோஜியின் அரண்மனை. பாடநூலில் விடுபட்டதை அடுத்த பதிப்பில் சேர்த்துக்கொள்ளலாம். ஆசான் வாழ்க்கையில் விடுபட்டதோ சீஷனிடம் வழக்கமாக உறைந்துவிடுகிறது. ஆகவே தனிப்பட்ட வளர்ப்பைப் போற்றுவோர், வளர்ப்பவரை யார் கேள்வி கேட்பது என்பதற்கும் சபையில் இடம் வைக்கவேண்டும். கோலாப்பும் சாஸ்திரியாரும் வளர்ந்த காலத்தில் சுவார்ட்ஸுக்கு மேல் குரலெழுப்பக்கூடியவர் தஞ்சையில் இல்லை.

1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைகளில் சாதி வேறுபாடு முழுவதும் ஒழியவேண்டும் என்று ஆணையிட்டார். ஆணை நியாயமானது. ஆனால் சுவார்ட்ஸ் தாம் வளர்த்த பிள்ளைகளிடம் பேசியிருக்க வேண்டிய அந்தப் பேச்சு, அவர் இறந்து 35 ஆண்டுகள் கழித்து, சாஸ்திரியாருக்கு அறுபது வயது நெருங்கும்போது, சுற்றறிக்கையாக வந்து சேர்ந்தது.