காத்திருந்த செயலி: அமிகா கணினி கற்பிக்கும் பாடம்



கணினி வாங்கச் செல்வோர் பலர் முதலில் வினவுவது செயலியின் வேகத்தையே. அந்த எண் ஒன்றே கணினியின் ஆற்றலைச் சொல்லிவிடும் என்பது பரவலான நம்பிக்கை. அது எத்துணை அரைகுறையானது என்பதை அமிகா என்னும் பழைய வீட்டுக் கணினியின் வரலாறு எடுத்துக்காட்டுகின்றது.

1985ஆம் ஆண்டு ஜூலையில் காமடோர் நிறுவனம் நியூயார்க் நகரில் அமிகாவை அறிமுகப்படுத்தியது. அதன் வடிவமைப்புக்குத் தலைமை ஏற்றவர் ஜே மைனர். அதில் மோட்டோரோலா 68000 செயலி ஏறத்தாழ 7 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கியது. படத்தையும் ஒலியையும் கவனிக்க அக்னஸ், டெனிஸ், பௌலா என மூன்று தனிச் சில்லுகள் இருந்தன. இவையும் செயலியும் 'சிப் நினைவகம்' எனப்பட்ட ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொண்டன. எளிய திரைக்காட்சிகளுக்கு இவ்வேற்பாடு நன்றாகவே அமைந்தது. ஆனால், உயர் தெளிவில் 16 வண்ணங்களைக் காட்ட முற்பட்டால் நிலைமை மாறியது. திரையில் ஒரு கோடு வரையப்படும் நேரம் முழுவதும் சில்லுகளே நினைவகத்தைப் பிடித்துக்கொண்டன. செயலியோ அடுத்த கோட்டிற்கு முந்தைய சிறு இடைவெளிக்காகக் காத்துக் கிடந்தது.

ஆசிரியர் அறையில் அனைவருக்கும் ஒரே அலமாரி, ஒரே சாவி என்றால் எத்துணை சுறுசுறுப்பான ஆசிரியரும் வரிசையில் நிற்கத்தானே வேண்டும்?

அமிகா 500 கணினி 1987இல் வந்தது. அதன் அடிப்புறத்தில் 512 கிலோபைட் நினைவகத்தைக் கூடுதலாகப் பொருத்த முடிந்தது. எனினும், அதுவும் பழைய பாதையிலேயே இணைந்திருந்ததால் வேகம் கூடவில்லை. பயனர்கள் அதற்கு 'மெதுவான நினைவகம்' என்றே பெயரிட்டனர்! இடம் பெருகியது, காத்திருப்பு குறையவில்லை.

1992இல் அமிகா 1200 வெளிவந்தது. அதன் செயலி 14 மெகாஹெர்ட்ஸ் வேகமுடையது. நினைவகம் 2 மெகாபைட், முழுவதும் சிப் நினைவகமே. செயலியை மாற்றாமல், அதற்கு மட்டுமே உரிய 'வேக நினைவகம்' கொண்ட அட்டையைப் பொருத்தியதும் பல பணிகளில் கணினியின் வேகம் ஏறக்குறைய இருமடங்கானது. தனி அலமாரி கிடைத்த ஆசிரியரின் நிலை அது.

முடுக்கி அட்டைகள் இன்னும் ஒரு படி மேலே சென்றன. பிளிசர்ட் 1230 போன்ற அட்டையில் 50 மெகாஹெர்ட்ஸ் 68030 செயலியும், அதன் அருகிலேயே 32 பிட் அகலப் பாதையில் வேக நினைவகமும் இடம்பெற்றன. செயலிக்குள்ளேயே கட்டளைகளுக்கு 256 பைட், தரவுகளுக்கு 256 பைட் எனச் சிறு இடைமாற்று நினைவகங்களும் இருந்தன. அடிக்கடி தேவைப்படுபவை கைக்கெட்டும் தொலைவிலேயே கிடைத்தன. ஆயினும், திரையில் படம் எழுதும்பொழுது அந்த அதிவேகச் செயலியும் பழைய சிப் நினைவகத்தின் வாசலில் காத்திருக்கத்தான் வேண்டியிருந்தது.

1994 ஏப்ரலில் காமடோர் நிறுவனம் நொடித்துப்போனது. ஆர்வலர்களோ இன்றும் அமிகாவுக்குப் புதிய முடுக்கி அட்டைகளை உருவாக்கி வருகின்றனர்.

பிள்ளையின் கணினி மெதுவாக இயங்குகிறது என்று புதியது வாங்க விரையும் முன், அது எதற்காகக் காத்திருக்கிறது என்று ஒரு கணம் ஆராய்வோம். போதிய நினைவகம் இல்லாமையே குறை எனில், அதைச் சேர்க்க வழியுள்ள கணினிக்குச் சிறு செலவே போதுமானதாகும். இவ்வினாவை எழுப்ப நம் மாணவர்களையும் பழக்குவோம்.