முத்தின் நீரோட்டமும் முன்னோர் தேர்ச்சியும்

நவமணிகளுள் முத்தும் பவளமும் கடல் தந்த செல்வங்கள். அவ்விரண்டனுள்ளும் பட்டை தீட்டாமலே ஒளிரும் பெருமை முத்துக்கே உரியது. சிப்பி தன்னுள் சுண்ணப் பொருளை மெல்லிய ஏடுகளாக அடுக்கடுக்காகப் படியவைக்கிறது. அவ்வேடுகளில் பட்டு மீளும் ஒளியே வானவிற் சாயலாக நம் கண்ணுக்குத் தோன்றுகிறது. இதனை நம் முன்னோர் 'நீர்' என்றும் 'நீரோட்டம்' என்றும் வழங்கினர்.

கொற்கைத் துறையின் முத்து உலகறிந்தது. கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்கக் கடற்பயண நூலாகிய 'பெரிப்ளூஸ்' பாண்டியரின் முத்துக்குளிப்பைக் குறிப்பிடுகிறது. கௌடிலியரின் அர்த்தசாத்திரமும் தாமிரபரணி முத்தையும் பாண்டிய நாட்டு முத்தையும் பெயர் சுட்டிக் கூறுகிறது. பருமை, உருண்டு நில்லாமை, ஒளி, வெண்மை, கனம், வழவழப்பு, உரிய இடத்தில் துளை ஆகியன நன்முத்தின் இலக்கணம் என்பது அந்நூலின் கருத்து.

சிலப்பதிகாரத்து ஊர்காண் காதை மதுரை மணிக்கடை வீதியைக் காட்டுகிறது. காற்று, மண், கல், நீர் ஆகியவற்றால் நேரும் குற்றங்கள் நீங்கிய முத்துகள் அங்கே விற்கப்பட்டன. செந்நீர்மை உடைய முத்துக்குச் செவ்வாய்க் கோளை இளங்கோவடிகள் ஒப்புக் கூறுகிறார்.

எனினும், இத்துறையில் நம்மை வியக்க வைப்பது தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டே ஆகும். முதலாம் இராசராசன் (985–1014) காலத்தில் இறைவனுக்கு அளித்த அணிகலன்களில் எத்தனை முத்து, என்ன எடை, எவ்வகை என்பன யாவும் கல்லிலே பொறிக்கப்பட்டன. 'தட்சிணமேரு விடங்கன்' எனப் பெயரிட்ட எடைக்கல்லால் அணிகள் நிறுக்கப்பட்டன. வட்டம், அனுவட்டம், ஒப்பு முத்து, குறு முத்து என்னும் வகைகளோடு கறடு, இரட்டை, சப்பத்தி என்பனவும் வருகின்றன. குளிர்ந்த நீர், சிவந்த நீர் எனும் ஒளி வேறுபாடும் வருகிறது. கரடுமுரடானதையும் தட்டையானதையும் 'நல்முத்து' என்று எழுதிவிட யார் தடுத்திருப்பர்? வேந்தன் கொடையாயினும் குறையை மறையாது எழுதிய நேர்மையன்றோ அது!

பின்னாளில் மன்னார் வளைகுடாத் துறைகளில் 20 முதல் 1000 வரை துளைகளுள்ள பத்துப் பித்தளைச் சல்லடைகளால் முத்தைப் பருமன்வாரியாகப் பிரித்தனர். உருண்டையும் ஒளியும் ஒருங்கே நிறைந்தது 'ஆணி'. குறை மிகுந்தது 'கழிப்பு'. 'ஆணிமுத்து' என்னும் சொல் இன்றும் நம் வீடுகளில் வாழ்கிறது.

தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை நிகழ்ந்த முத்துக்குளிப்பே இறுதியானது. 1973 ஆம் ஆண்டில் அங்கேயே வளர்ப்பு முத்து ஆக்குவதில் நம் நாட்டு அறிவியலார் வெற்றி கண்டனர். இன்று கடைகளில் கிடைப்பவற்றுள் மிகப் பெரும்பாலானவை வளர்ப்பு முத்துகளே. அவற்றையும் இயற்கை முத்தையும் பிரித்தறிய எக்ஸ்ரே சோதனை வேண்டும், கண் போதாது. கண்ணாடிப் போலியை அறிவது எளிது. பல்லில் மெல்ல உரசினால் முத்து நறநறக்கும், போலி வழுக்கும்.

வெளிமாநிலத்தில் குடியேறி வாழும் நாம் மகள் திருமணத்துக்கு முத்துமாலை வாங்கச் செல்கிறோம். பகலொளியில் வெள்ளைத் துணிமேல் மாலையை விரித்து, நீரோட்டம் ஆழ்ந்துள்ளதா, உருட்சி ஒத்துள்ளதா, துளையோரம் ஏடு பெயர்ந்துள்ளதா என்று பார்த்தல் நலம். குறையையும் எழுதிக் கொடுக்கும் வணிகரிடமே வாங்குவோம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தஞ்சைக் கல் காட்டிய நெறி அதுவே.