உட்டா கருட்டா

உட்டா கருட்டா: ஜப்பானின் மரபுக் கவிதைச் சீட்டு. 13ஆம் நூற்றாண்டில் ஃபுஜிவாரா நோ டெய்கா தொகுத்த ‘ஹியாகுனின் இஷ்ஷு’ இதன் மூலநூல். நூறு புலவர்கள் ஆளுக்கொன்றாகப் பாடிய, 31 அசைகள் கொண்ட தன்கா கவிதைகள் அதில் உள்ளன.

தோற்றம்: சிப்பி ஓடுகளை இணை சேர்க்கும் பழைய அரண்மனை விளையாட்டும், 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்த சீட்டும் கலந்து இது உருவானது.

அமைப்பு: ஒரு கட்டில் 200 சீட்டுகள். படிக்கும் சீட்டு நூறிலும் புலவரின் உருவமும் முழுக் கவிதையும் இருக்கும். எடுக்கும் சீட்டு நூறிலும் கடைசி இரண்டடிகள் மட்டுமே. ஒருவர் கவிதையைப் படிக்க, மற்றவர்கள் உரிய சீட்டை முந்தி எடுக்க வேண்டும். புத்தாண்டில் குடும்பங்கள் கூடி ஆடுவது வழக்கம்.

கலைச்சிறப்பு: தொடக்கக் காலச் சீட்டுகள் கையால் எழுதி வரையப்பட்டவை, உயர்குடியினருக்கானவற்றின் பின்புறம் தங்கத்தாள் ஒட்டப்பட்டது. ஓவியர் ஒகாட்டா கோரின் (1658–1716) வரைந்ததாகக் கருதப்படும் கட்டு இக்கலையின் உச்சம். அதில் எடுக்கும் சீட்டுகளிலும் கவிதைக்கேற்ற இயற்கைக் காட்சிகள் தீட்டப்பட்டுள்ளன. ஹொக்கைடோவில் எடுக்கும் சீட்டுகள் மரத்தால் ஆனவை. அவற்றில் கவிதையடிகள் தூரிகை எழுத்தில் இருக்கும். கவிதை, எழுத்தணி, ஓவியம் மூன்றும் உள்ளங்கையளவுப் பரப்பில் ஒன்றுகூடுவதே இதன் அரிய பெருமை.

போட்டி: 1904இல் இதழாளர் குரோய்வா ருய்கோ விதிகளை ஒருமுகப்படுத்தினார். வாகையர் பட்டப் போட்டிகள் ஆண்டுதோறும் ஜனவரியில் ஓட்சு நகரின் ஓமி ஆலயத்தில் நடக்கின்றன. தொகுப்பின் முதல் கவிதைக்குரியவரான பேரரசர் டெஞ்சியே அங்கு வழிபடப்படுகிறார்.