அகக் காய்ச்சலூக்கிகள்

உடல் வெப்பத்தை உயர்த்தும் பொருள் காய்ச்சலூக்கி எனப்படும். கிருமியின் உடலிலிருந்து வருவது புறக் காய்ச்சலூக்கி; அதனை எதிர்கொண்ட வெண்குருதிக் கலங்கள் தாமே சுரப்பது அகக் காய்ச்சலூக்கி. இன்டர்லியூகின் 1, இன்டர்லியூகின் 6, டி.என்.எஃப். ஆகிய புரதங்கள் இரண்டாம் வகையில் முதன்மையானவை.

மட்டக்களப்பு வாவிக்கரையில், குருக்கள்மடம் போன்ற ஊர்களில், மலேரியா நிலவிய நாட்களில் இவற்றின் வேலையை யாரும் கண்ணால் காண முடிந்தது. உச்சி வெயிலில் நோயாளி போர்வைக்கு மேல் போர்வை போர்த்தியும் பல் கிடுகிடுக்க நடுங்குவார். தொட்டால் உடம்பு அனலாய்ச் சுடும். சில மணி நேரத்தில் வியர்த்துக் கொட்டி எழுந்து உட்காருவார். ஒரு நாள் இடைவிட்டு மறுபடி குளிர் பிடிக்கும்.

மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலமஸ் உடல் வெப்பத்தை ஏறத்தாழ 37 பாகை செல்சியஸில் காக்கிறது. காய்ச்சலூக்கி அந்த அளவை 39க்கு உயர்த்திவிட்டால், 37 பாகையிலுள்ள உடம்பு மூளைக்குக் குளிர்ந்ததாகப்படும். தோலின் குருதிக் குழாய்கள் சுருங்கும். தசைகள் நடுங்கி வெப்பம் உண்டாக்கும்.

இந்தப் பொருள் கண்டறியப்பட்ட கதை நீண்டது. 1923இல் அமெரிக்காவின் புளோரன்ஸ் சைபர்ட், ஊசிமருந்து ஏற்றியபின் வரும் காய்ச்சலுக்குக் காய்ச்சி வடித்த நீரில் கலந்திருந்த பாக்டீரியக் கழிவே காரணம் என்று காட்டினார். அன்றிலிருந்து இத்துறையில் ஒரே ஐயம்: காய்ச்சலைத் தருவது கலமா, கலத்தோடு ஒட்டிவந்த கிருமிநஞ்சா? வாலி மென்கின் அழற்சி நீரிலிருந்து பிரித்தெடுத்த 'பைரெக்சின்' அந்த ஐயத்திலேயே வீழ்ந்தது. அதில் கிருமிநஞ்சு கலந்திருந்தது.

1948இல் பால் பீசன் முயலின் வெண்குருதிக் கலங்களிலிருந்து ஒரு சாற்றை எடுத்து வேறு முயல்களுக்கு ஊசியிட்டார். காய்ச்சல் வந்தது. கிருமிநஞ்சு கொதிநிலையையும் தாங்கும். இந்தச் சாறோ சூடாக்கியதும் வலுவிழந்தது. கிருமிநஞ்சுக்குப் பழகி, அதற்கு அசையாதிருந்த முயல்களுக்கும் இச்சாறு காய்ச்சலைத் தந்தது. ஐயம் தீர்ந்தது. 1955இல் எலிஷா அட்கின்ஸும் பேரி வூட்டும் காய்ச்சலுற்ற முயலின் குருதியிலேயே இப்பொருள் சுற்றிவருவதைக் கண்டனர். வெண்குருதிக் கலங்களுள் நியூட்ரோபில்கள் என்ற வகையே இதன் ஊற்று என்று முதலில் கருதப்பட்டது. உண்மையில் பெரும்பங்கு மொனோசைட்டுகள் என்ற வேறு வகையினுடையது. சார்ல்ஸ் டினரெல்லோ 1977இல் இதனைத் தூய்மைப்படுத்தினார். 1979இல் இன்டர்லியூகின் 1 என்ற பெயர் வந்தது. 1984இல் அதன் மரபணு பிரித்தறியப்பட்டது.

காய்ச்சலூக்கியின் செய்தியை மூளையில் எடுத்துச் செல்வது புரொஸ்டாகிளாண்டின் என்ற பொருள். 1971இல் மில்டனும் வெண்ட்லண்டும், தனியாக ஃபெல்ட்பெர்க்கும் இந்திய ஆய்வாளர் பி. என். சக்சேனாவும் அது காய்ச்சலை உண்டாக்குவதை விலங்குகளில் காட்டினர். அஸ்பிரின் அதன் உற்பத்தியைத் தடுப்பதை அதே ஆண்டில் ஜோன் வேன் கண்டார். 1982இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

இலங்கை இந்த வரலாற்றுக்கு அளித்த கொடை பெருமைக்குரியது. நதிரா கருணாவீர, கமினி மென்டிஸ் முதலியோர் வைவாக்ஸ் மலேரியா நோயாளிகளின் குருதியைக் குளிர் பிடிக்கும் வேளையில் அடுத்தடுத்து எடுத்து அளந்தனர். ஒட்டுண்ணிகள் செங்குழியங்களை உடைத்து வெளிவரும்போது டி.என்.எஃப். ஏறுகிறது; உடல் வெப்பம் சற்றுப் பின்னால் அதே வளைவில் ஏறி இறங்குகிறது. 1992இல் வெளியான இவ்வாய்வு, வாவிக்கரையார் பட்ட நடுக்கத்தின் நேரக்கணக்கை விளக்கிவிட்டது.

காய்ச்சல் உடலுக்குத் துணையே. 1975இல் மத்தியூ குளூகரும் உடன் ஆய்வாளர்களும் பாக்டீரியா செலுத்திய பாலைவன இகுவானா பல்லிகளில், வெப்பமான இடத்தில் இருந்தவையே அதிகம் பிழைத்ததைக் கண்டனர்.

இலங்கை 2016இல் மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. இன்று மட்டக்களப்பில் அஞ்சப்படும் காய்ச்சல் டெங்கு. அதில் வெப்பத்தைத் தணிக்கப் பனடோல் மட்டுமே கொடுக்கப்படுகிறது, குருதிக்கசிவைக் கூட்டும் அஸ்பிரின் விலக்கப்படுகிறது.